எச்சில் பட்ட பக்கங்கள்

இரவு பதினொன்றே முக்கால். வட பிரான்ஸில், கம்ப்ரேயிலிருந்து அராஸ் போகிற சாலை. இதே சாலைதான்... நம் இசைக்குழுவின் பேருந்து பனிமூட்டத்தில் நின்றுபோன இந்த இடத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. 1957, நவம்பர்.

கிலேன் பின்னிருக்கையில் தூங்குகிறானா, பாருங்கள். கொம்பு வாசிப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் தூங்குவார்கள். தூங்கட்டும். இது நடந்தது அவனுடைய தாய்மாமனுக்கு. ஒரே ஒரு முறை, ஜின் நாலு கோப்பை உள்ளே போன பிறகு, சொன்னான். மறுநாள் சொல்லவே இல்லை என்றான்.

தாய்மாமன் பெயர் அன்செல்ம் வார்த்தெல். நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இசைக்குழு நடத்துநர். இசைப்புத்தகத்தைப் பார்க்காமலே நடத்துவார் என்று பேர் வாங்கியவர். 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லவேண்டிய ஆள்தான். கதை முடியும்போது உங்களுக்கும் அது வாயில் வராது. அதனால் இப்போதே 'அவன்' என்று வைத்துக்கொள்வோம்.

அன்று கம்ப்ரேயில் ஒரு கச்சேரி நடத்திவிட்டுத் தனியாகக் காரில் திரும்பிக்கொண்டிருந்தான். பீட் கிழங்கு அறுவடைக் காலம். லாரிகள் சிந்திவிட்டுப் போன சேறு சாலை முழுக்க வழவழவென்று கிடந்தது. தூரத்தில் சர்க்கரை ஆலையின் புகை. அந்த வாடையை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவித்த கிழங்கும், அழுகிய கோசும், நனைந்த நாயும் சேர்ந்த வாடை. கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும்.

பக்கத்து இருக்கையில் தோல் பை. அதற்குள் இசைப்புத்தகங்கள்.

முதலில் ஒரு சின்னச் சத்தம்.

ச்சப்...

நாக்கு அண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம். ஈரமான சத்தம். பிறகு... சர்ர்க். கனமான தாள் ஒன்று புரள்கிற சத்தம்.

மழை துடைப்பான் என்று நினைத்தான். அதை நிறுத்தினான். கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும். பிறகு மறுபடியும்... ச்சப்... சர்ர்க்.

எண்ணாமல் இருக்கத் தெரியாத தொழில் அவனுடையது. தன்னையறியாமல் எண்ணினான். மெதுவான ஒரு பகுதியை ஒருவர் மனதுக்குள் படித்துக்கொண்டே வந்தால் எவ்வளவு நேரத்துக்கு ஒரு பக்கம் புரளுமோ, அதே இடைவெளி. ஒரு நொடி கூடவில்லை, குறையவில்லை. பக்கத்து இருக்கையில் யாரோ இருட்டிலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கவனித்தான். ஆலை வாடை போய்விட்டது. காருக்குள் சோம்பு மிட்டாய் வாசனை. அதற்கு அடியில்... சொத்தைப் பல்லின் நாற்றம்.

வண்டியை ஓரமாக நிறுத்தி உள்விளக்கைப் போட்டான். யாரும் இல்லை. பையின் வார் மாட்டியது மாட்டியபடி இருந்தது. அவிழ்த்தான். மேலே இருந்த புத்தகத்தின் ஓரத்தைத் தொட்டான். விரல் ஒட்டியது. ஈரம்... வெதுவெதுப்பான ஈரம்.

இறங்கிப் போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்தான். விரலைப் புல்லில் தேய்த்தான், சேற்றில் தேய்த்தான். பையைக் காரின் பின்பெட்டியில் போட்டு மூடினான். அராஸ் வரைக்கும், பின்னாலிருந்து, தகரத்தின் வழியாக... ச்சப்.

யாருடைய வாய் அது என்று அவனுக்குத் தெரியும். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒனொரே பூத்ரி. வடக்கே ஒரு நகரத்து இசைக்குழுவை இருபத்தாறு வருடம் நடத்திய கிழவர். பெரிய கலைஞர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் நிற்க முடியாது. வாயில் பாதிப் பற்கள் சொத்தை. பல் வைத்தியரிடம் போகமாட்டார், நாள் முழுக்கச் சோம்பு மிட்டாய் சப்புவார். புத்தகத்தில் பக்கம் புரட்டும்போது விரல் நுனியைத் தொட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் அப்படியல்ல. கட்டைவிரல் முழுவதையும் நாக்கில் வைத்து, ச்சப் என்று இழுத்து, அதைத் தாளின் மூலையில் அழுத்துவார். இருபத்தாறு வருடம். இசைக்குழுவின் புத்தகங்கள் எல்லாவற்றிலும் வலப்பக்க மூலை பழுத்து, தடித்து, மெழுகு பூசினாற்போல இருக்கும். தாடி மயிர் ஒட்டியிருக்கும். வயலின்காரர்கள் சொல்வார்கள்: "கிழவன் சிம்பொனியை நடத்தல, நக்கித் தின்னுறான்."

அந்தக் கிழவருக்குத்தான் அன்செல்ம் ஏழு வருடம் துணை நடத்துநர்.

அவன் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவன். லியெவேனில், கரித்தூசி படிந்த செங்கல் வரிசையில். அப்பா சுரங்கத் தொழிலாளர் ஊதுகுழுவில் பெரிய பித்தளைக் குழல் ஊதியவர். மகன் கார்னெட் என்கிற சின்ன ஊதுகுழலைப் பிடித்தான். கெட்டிக்காரன். லில் நகரத்து இசைப்பள்ளியில் முதல் பரிசு. பிறகு போர். ஜெர்மன் சிறைமுகாமில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு, இரண்டு பேரிடம் வாத்தியமே இல்லாமல், ஒரு குழு நடத்தினானாம். திரும்பி வந்து பாரிஸில் படித்தான். படித்து முடித்தபோது முப்பது தாண்டிவிட்டது. நடத்தக் குழு இல்லை. அப்போதுதான் பூத்ரி கூப்பிட்டார்.

"ரெண்டு வருஷம் என்கூட இரு. அப்புறம் நான் வீட்டுக்குப் போயிடுறேன், இது உன்னோடது" என்றார்.

இரண்டு, நாலாயிற்று. நாலு, ஏழாயிற்று. ஞாயிறு மதியக் கேளிக்கை இசைநாடகங்கள் அன்செல்முக்கு. பாடகர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அன்செல்ம். பெரிய கச்சேரி எல்லாம் கிழவருக்கு. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் கிழவரின் வியர்வைச் சட்டையை உரித்து, முதுகைத் துடைத்து, வேறு சட்டை மாட்டிவிடவேண்டும். அதுவும் துணை நடத்துநர்தான்.

மனைவி யோலாந்த் கேட்பாள்: "இன்னிக்கும் கிழவனைக் குளிப்பாட்டினியா?"

"சும்மா இரு."

"கையை நல்லாக் கழுவிட்டு வா. ரொட்டியைத் தொடாதே."

1957 மார்ச். ஒரு வியாழக்கிழமை. நாடு முழுக்க வானொலியில் நேரடி ஒலிபரப்பு. அந்த நகரத்துக்கு அப்படி ஒன்று முதல்முறை. முதல் பாதி முடிந்தது. இடைவேளை இருபது நிமிடம். அன்செல்ம் ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தூக்கினார்... கை தூக்கியபடியே நின்றது. முகத்தின் ஒரு பாதி, மெழுகு உருகினதுபோல, கீழே இறங்கியது. வாயோரம் நுரை. ஏதோ சொல்லப் பார்த்தார். வந்தது சொல் இல்லை, கொழகொழவென்று ஒரு சத்தம்.

அவனைப் பிடித்துக்கொண்டார். வலது கையால், அவன் சட்டைக் கையை. கட்டைவிரலின் ஈரம் துணியைத் தாண்டித் தோலில் பட்டது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மூன்றாவது வரிசையில் டாக்டர் தெல்காம்ப்ர் உட்கார்ந்திருந்தார். ஒரு கச்சேரி விடமாட்டார், ஊருக்கே தெரியும். கதவைத் திறந்து ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அன்செல்ம் நினைத்தது வேறு. சொன்னால் கச்சேரி நிற்கும். வானொலியில் இசைத்தட்டு போட்டுவிடுவார்கள். நாளைக்கு, கிழவர் பிழைத்தாலும் செத்தாலும், பாரிஸிலிருந்து பெரிய பேர் ஒருவனைக் கொண்டுவருவார்கள். சொல்லாவிட்டால்... ஐம்பது நிமிடம். ஐம்பது நிமிடத்தில் என்ன ஆகிவிடும்?

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கிழவரைத் தூக்கிச் சோபாவில் போட்டான். தலைக்குத் தலையணை வைத்தான். ஆமாம், தலையணை வைத்தான். இப்படிப்பட்ட வேலையைச் செய்கிறவர்கள் தலையணை வைக்க மறக்கமாட்டார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டான்.

நடைபாதையில் ஃபிர்மன் நின்றிருந்தார். மேடைப் பொறுப்பாளர். திரை, விளக்கு, நாற்காலி எல்லாம் அவர் கையில்.

"ஐயாவுக்குத் தலைசுத்தல்" என்றான் அன்செல்ம். "தூங்குறார். யாரும் தட்டாதீங்க. ரெண்டாம் பாதி சிம்பொனியை நான் எடுத்துக்கிறேன்."

ஃபிர்மன் கதவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

மேடை ஏறினான். வானொலியின் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் பக்கம் முடிந்ததும், எப்படி என்றே தெரியாமல், கட்டைவிரலை வாயில் வைத்தான். அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்ததே இல்லை. மூலையைத் தொட்டுப் புரட்டினான். அடுத்த பக்கத்துக்கு மறுபடியும் வாயில் வைத்தபோது... நாக்கில் சோம்பும் சொத்தைப் பல்லும்.

அடுத்தவர் எச்சிலை விழுங்கிக்கொண்டே நடத்தினான். அருமையாக நடத்தினான் என்கிறார்கள். அன்று வாசித்தவர்கள் பல வருடம் கழித்தும் சொன்னார்கள், அப்படி ஒரு மூன்றாம் பகுதி வாசித்ததில்லை என்று. முடிந்ததும் ஒன்பது நிமிடம் கைதட்டல். அவன் என்ன செய்திருக்கவேண்டும்? ஓடியிருக்கவேண்டும். சாவி பையில் இருக்கிறது. ஓடவில்லை. இன்னும் ஒரு உருப்படி வாசிக்கவைத்தான். ஏழு நிமிடம்.

சாவி போட்டுத் தள்ளியபோது, கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. அன்செல்மும் ஃபிர்மனும் தள்ளித் திறந்தார்கள். கிழவர் சோபாவிலிருந்து விழுந்து, ஊர்ந்து, கதவுவரை வந்திருந்தார். கதவின் உள்பக்கம், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஈரத் தடங்கள். கட்டைவிரல் தடங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, கதவின் ஓரத்தில்... அதைப் புரட்டப் பார்த்ததுபோல.

டாக்டர் வந்து பார்த்தார். "எப்போ விழுந்தார்?"

"தெரியல டாக்டர். தூங்குறார்னு நினைச்சேன்."

"ஒரு மணி நேரம் முன்னாடி எனக்குச் சொல்லியிருந்தா..." டாக்டர் கிழவரின் கண்களை மூடினார்.

ஃபிர்மன் வெளியே போனார். ஒரு துணியை எடுத்துவந்து கதவைத் துடைத்தார்.

அன்று இரவு அன்செல்ம் பன்றிக்குடல் தொத்திறைச்சி சாப்பிட்டான். இரண்டு தட்டு. குருநாதருக்காகக் கண்ணீரை அடக்கிக்கொண்டு நடத்தினார் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. மே மாதம் தலைமை நடத்துநர் பதவி.

ஏழு மாதம் கிழவரின் புத்தகங்களிலிருந்தே நடத்தினான். ஒவ்வொரு கச்சேரியிலும் கட்டைவிரல் தானாக வாய்க்குப் போனது. ஒவ்வொரு முறையும் அந்த ருசி. பழைய அழுக்கு, போகப்போகத் தேய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டான். நவம்பரில் இந்தச் சாலையில்தான் புரிந்தது, அது பழைய எச்சில் இல்லை என்று.

மறுவாரம் தன் கைக்காசில் எல்லாவற்றுக்கும் புதுப் பிரதி வாங்கினான். அச்சு மை மணக்கிற புதுப் புத்தகம். மூன்றாம் நாள் மூலை பழுத்திருந்தது. ஐந்தாம் நாள், ஒரு நரைத்த மயிர்.

அதனால்தான் புத்தகத்தையே விட்டான். இரவு பகலாக மனப்பாடம் செய்தான். ஒவ்வொரு வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் தலைக்குள் ஏற்றிக்கொண்டான். புத்தகம் இல்லாமல், நடத்துகோலும் கையுமாக மேடை ஏறினான். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். பிரஸ்ஸல்ஸ் கூப்பிட்டது, ஜெனீவா கூப்பிட்டது. 'இசையைத் தன் ரத்தத்தில் எழுதிவைத்திருப்பவர்' என்று ஒருவர் எழுதினார். சிரிக்காதீர்கள். அருவருப்பில் பிறந்த புகழ் அது. அவனுக்கு மட்டும் தெரியும்.

ஆறு மாதம் நிம்மதி. பிறகு கழுத்துப்பட்டி.

கச்சேரி முடிந்து வந்தால் சட்டைக் கழுத்துப்பட்டியின் வலது முனை நனைந்திருக்கும். வியர்வை இல்லை. வியர்வை நூலாக இழுபடாது. துணி துவைக்கும்போது யோலாந்த் கண்டுபிடித்தாள்.

"யாரு அவ?"

"எவ?"

"உன் காலரை நக்குறவ. சோம்பு மிட்டாய் தின்னுறா. நாத்தம் குடலைப் புடுங்குது. கொஞ்சம் சுத்தமான பொம்பளையாப் பாத்திருக்கக் கூடாதா?"

அவன் சட்டையைப் பிடுங்கி வாளியில் அமுக்கினான்.

பிறகு காது மடல். படுக்கையில், விளக்கணைத்த பிறகு... ச்சப். குளிர்ந்த, சொரசொரப்பான ஒரு கட்டைவிரல் காதின் கீழ்நுனியைத் தடவும். முதலில் மெதுவாக. தாளின் மூலையைத் தேடுவதுபோல. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கும்... ஒரு தாளா இரண்டு தாளா என்று பார்ப்பதுபோல. பிறகு விட்டுவிடும். யோலாந்துக்கும் சத்தம் கேட்டது. அவன்தான் வாயைச் சப்புகிறான் என்று நினைத்தாள். முதலில் வேறு அறைக்குப் போனாள். 1961இல் டன்கர்க்கில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

எதைத் தின்றாலும் ஒரே ருசி. வெண்ணெய், காபி, ஆப்பிள்... எல்லாம் அடுத்தவர் மென்று துப்பியதை வாயில் வாங்கியதுபோல. எலும்பும் தோலுமானான். துறவி மாதிரி இருக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

ஒருநாள் ஒத்திகைக்குப் பிறகு ஃபிர்மனை நிறுத்தினான். மேடையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஃபிர்மன். அன்னிக்கு... உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

ஃபிர்மன் கையிலிருந்த நாற்காலியை வைத்தார். "கேட்டுச்சுங்க. மூணாம் பகுதி ஆரம்பிச்சப்போ. கதவைச் சுரண்டுற சத்தம்."

"ஏன் கதவை உடைக்கல?"

"சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்களே. சத்தம் போடக் கூடாதுன்னு உத்தரவு." நாற்காலியின் தூசியைத் தட்டினார். "அந்தப் பகுதி நல்லா வேற போய்க்கிட்டு இருந்துச்சு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"உங்ககிட்ட வர்றாரா?" என்றான் அன்செல்ம்.

"என்கிட்ட எதுக்கு வரணும்? கதவு மட்டும்... வாரத்துக்கு ஒரு தடவை துடைக்க வேண்டியிருக்கு."

அவர் மறுபடி நாற்காலியைத் தூக்கினார். அன்செல்முக்கு அந்த மனிதரைப் பார்க்கவே குமட்டியது. அதைவிடத் தன்னைத் தொடத் தன் கையே கூசியது.

1963இல் பாரிஸ். பெரிய மண்டபம், இரண்டாயிரம் பேர். வாழ்நாள் முழுக்க அவன் ஏங்கிய மேடை. அவர்கள் கேட்டது அதே சிம்பொனியை. அவன் மறுத்திருக்கலாம். பாரிஸுக்கு யார் மறுப்பார்கள்?

முதல் பகுதி நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாம் பகுதி, மெதுவானது, வயலின்கள் மட்டும்... ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது நெற்றியின் வலது ஓரத்தில், முடி தொடங்குகிற இடத்தில், ஈரம். விரல் அழுத்தியது. இந்தத் தடவை தேடவில்லை. மூலை எங்கே என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

ச்சப்... சர்ர்க்.

புரண்டது அவன் தலைக்குள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டதுபோல, அவன் மனதிலிருந்த இசை நாற்பது தாளக்கட்டு தாண்டிப் போய் நின்றது. கை அதோடு போனது. ட்ரம்பெட்டுகளுக்குச் சைகை காட்டியது. பாதிப் பேர் ஊதினார்கள், பாதிப் பேர் ஊதவில்லை. வயலின்கள் இன்னும் பழைய இடத்தில். சந்தையில் கூண்டு கவிழ்ந்த கோழிகள் மாதிரி ஒரு சத்தம். பிறகு எல்லாம் நின்றது.

மேலே மாடத்தில் யாரோ சிரித்தார்கள்.

அன்செல்ம் யாரையும் பார்க்காமல், கெஞ்சுகிற குரலில் சொன்னான்: "பக்கத்தைத் திருப்பாதீங்க."

முன்வரிசை வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முன்னால் புத்தகம் இல்லை. புத்தகம் வைக்கிற தாங்கிகூட இல்லை.

அத்தோடு அவன் தொழில் முடிந்தது. மூளை இளகிவிட்டது என்றார்கள் வைத்தியர்கள். அக்கா லியோனி, கிலேனின் அம்மா, லியெவேனுக்குக் கூட்டிவந்தாள். அவள் புருஷன் சுரங்கத்தூசி நுரையீரலில் அடைத்துச் செத்திருந்தான். மகன் ராணுவத்தில். மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. தம்பிமேல் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அவன் படம் வந்த பத்திரிகைத் துண்டுகளை எல்லாம் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். திடீரென்று தலை ஒரு பக்கம் வெட்டும். யாரோ திருப்பியதுபோல. உடனே ஏழு வயதுப் பையன் ஆகிவிடுவான்.

"அக்கா, ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடு. அப்பா வர்றதுக்குள்ள."

தலை வெட்டும். சிறைமுகாம். எழுந்து விறைப்பாக நின்று ஜெர்மன் மொழியில் தன் எண்ணைச் சொல்வான். மறுபடி வெட்டும். யோலாந்தைப் பெண் பார்க்கப் போன நாள். வெட்டும், வெட்டும்... எங்கெங்கோ போய், கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். குரல் தாழ்ந்துவிடும். உதட்டில் விரல் வைத்துக்கொள்வான்.

"தூங்குறார். தட்டாதீங்க."

அங்கே மட்டும் தலை வெட்டாது. மணிக்கணக்கில் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். வியர்த்துக்கொட்டும். "அக்கா, திருப்பச் சொல்லு. அடுத்ததுக்குப் போகச் சொல்லு" என்று அழுவான். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக் கழுத்துவரை வழியும். வீட்டில் யாரும் வாங்காத சோம்பு மிட்டாயின் வாசனை மாடிப்படி முழுக்க நிற்கும்.

லியோனி படிக்காதவள். முட்டாள் இல்லை. துண்டு துண்டாகக் கேட்டதைச் சேர்த்துப் பார்க்க அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஒருநாள் ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தம்பி. அந்தக் கதவோட சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

அவன் தெளிவாக அவளைப் பார்த்தான். "என்கிட்ட."

"அந்த மனுஷன் உள்ள உசுரோட இருந்தார்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறமும் இன்னொரு பாட்டு வாசிச்சியா?"

"கை தட்டினாங்கக்கா."

அவள் கீழே போனாள். சுவரிலிருந்த பத்திரிகைத் துண்டுகளைச் சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டாள். சோப்பை எடுத்து முழங்கைவரை கழுவினாள். அதற்குப் பிறகும் சோறு போட்டாள், துணி மாற்றினாள். கையைத் துணியால் சுற்றிக்கொண்டு செய்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தாள். தூக்கி வளர்த்த தம்பி. அவனைத் தொட்ட பிறகு அவளால் தன் சாப்பாட்டைத் தொட முடியவில்லை.

1966, பிப்ரவரி. ராத்திரி பத்து மணி இருக்கும். லியோனி சமையலறையில் சிக்கரிக் காபியோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே உறைபனி. காலையில்தான் மேலே போனாள். அவன் கட்டிலில் இல்லை. கதவுக்குப் பின்னால் செத்துக் கிடந்தான். பூட்டாத கதவு. பூட்டே இல்லாத கதவு. வைத்தியர் அவன் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு காய்ந்த இலை மாதிரி சுருண்டிருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. தொட்டபோது நுனி உதிர்ந்தது.

கிலேன் சீருடையோடு அடக்கத்துக்கு வந்தான். எல்லாரும் போன பிறகு, அம்மா மாடி அறையின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாளி. இவன் வாசலில் நின்று கேட்டான்.

"அன்னிக்கு ராத்திரி மாமா கூப்பிடலையாம்மா?"

"கூப்பிட்டான்."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சுரண்டினதும் கேட்டுச்சு."

"கேட்டும் நீ போகலையா?"

லியோனி துணியைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி முடிகிறவரை பிழிந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை.

"அவன் மட்டும் கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்டா" என்றாள். "ரெண்டு குரல் கூப்பிட்டுச்சு."